எழுதாத சிவப்புச் சீட்டு

சாருமதியின் அப்பாவை ஊரில் எல்லாரும் தண்ணி மாரப்பன் என்றுதான் சொல்வார்கள். வெள்ளியாம்பாளையத்தில் மொத்தம் நாலு மாரப்பன்கள். அடையாளத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வேண்டியிருந்தது, இவருக்கு இது வந்து ஒட்டிக்கொண்டது. மனுஷன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. பங்காளி வீட்டு விசேஷத்தில் யாராவது பாட்டிலைத் திறந்தால் எழுந்துபோய் வாசலில் நிற்கிறவர். இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? காலை எட்டு மணிக்கு டீ கிளாஸைத் தூக்கினால் பாதி டீ சட்டையில். பேச்சு குழறல். நடந்தால் ரோட்டின் இரண்டு ஓரமும் அவருக்கு வேண்டும். போதாக்குறைக்கு, கோட்டிங் கம்பெனி வாசலில் ஊதச் சொன்ன மெஷினும் குடித்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லிவிட்டது.

கோட்டிங் கம்பெனி ஊருக்குக் கிழக்கே இருந்த ஆலை. துணியில் தண்ணீர் ஒட்டாத பூச்சைப் பூசி, ரெயின்கோட்டும் தார்ப்பாயும் செய்கிற இடம். அதன் ஏழாம் ஷெட்டில் மாரப்பன் பதினாறு வருஷம் பூச்சுத் தொட்டி கலக்கினார். நடுக்கம் வந்தபோது கம்பெனி டாக்டர் விஸ்வேஸ்வரன் ஃபைலில் ஒரு வரி எழுதினார்: குடிப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி, வேலைக்குத் தகுதியில்லை. அந்த ஒரு வரியில் வேலை போயிற்று. அம்மாவும் போனாள். மெஷின் பொய் சொல்லுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அப்போது சாருமதிக்குப் பதினாலு வயசு.

அந்த வயசில் மற்ற பெண்கள் என்னென்னவோ ஆசைப்படுவார்கள். சாருமதி ஆசைப்பட்டது இரண்டே விஷயம். அப்பா பேருக்கு முன்னால் நிற்கும் அந்தத் தண்ணி போக வேண்டும். அந்த வரியை எழுதிய கை ஒருநாள் இதே மாதிரி நடுங்க வேண்டும், அதைத் தான் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறு வருஷமும் அப்படியே நினைத்திருந்தாள்.

அவள் பி.எஸ்சி. மூன்றாம் வருஷம் படிக்கும்போது கல்லூரிக்கு ஒரு நுண்ணோக்கி வந்தது. பெயர் என்னவோ நீளமாக, ஆழ அடுக்கொளி நுண்ணோக்கி. பிள்ளைகள் வைத்த பெயர் வெங்காயம். பல்கலைக்கழகம் புதுசு வாங்கிக்கொண்டு பழசைக் கழித்துவிடப் பார்த்தபோது, இளநிலை மாணவர்களும் ஆராய்ச்சி செய்யட்டும் என்று ரெஜினா மேடம் மூன்று வருஷம் கோட்டைக்கு நடையாய் நடந்து வாங்கி வந்தது. அதை அவர் தன் மூன்றாம் பிள்ளை என்பார். மற்ற இரண்டையும் இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் சாருமதியையும் அவளோடு படிக்கிற வாஹித்தையும் பக்கத்தில் உட்கார வைத்து மேடம் விளக்கினார். நரம்புக்கு மேல் ஓர் உறை உண்டு, மாசத்துக்கு ஓர் அடுக்காக அது ஏறிக்கொண்டே போகும், வெட்டாமல் கொள்ளாமல் அத்தனை அடுக்கையும் இந்த மெஷின் காட்டிவிடும். எந்த மாசம் உடம்பில் விஷம் ஏறியதோ அந்த மாசத்து அடுக்கு பழுப்பாக இருக்கும். மிளகளவு தோல் போதும். பழுப்பு உள்ளே இறங்கி உள்கரையைத் தொட்டுவிட்டால் நரம்பு செத்தது. முதலில் கை போகும், பின்னாலேயே நாக்கு போகும்.

"எந்த விஷம்னு தெரியுங்களா மேடம்?" என்று சாருமதி கேட்டாள்.

"அங்கதான் சிக்கல். பூச்சுல கலக்கற கரைப்பான் இருக்கே, அது உடம்புக்குள்ள போய் உடையறப்போ சாராயமாத்தான் உடையுது. குடிச்சவன் நரம்புலயும் இதே பழுப்பு. ஊதச் சொன்னாலும் இதே பதில்."

"அப்ப எங்கப்பா விஷயத்துல மெஷின் பொய் சொல்லலையா?"

"சொல்லலை. சாராயம் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிச்சு. எந்த வழியா வந்துச்சுன்னு யாரும் கேக்கலை."

கம்பெனி மேல் அப்போது அரசாங்க விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஏழாம் ஷெட்காரர்கள் நாற்பது பேர், ஆலைப் பக்கமே போகாத வெளியூர்க்காரர்கள் நாற்பது பேர், ஆக எண்பது பேரின் நரம்பில் பழுப்பு அடுக்குகளை எண்ணித் தரும் வேலை மேடத்திடம் வந்தது. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்தில் எண்ணிவிடும். ஆனால் ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மாதிரி எண்ணக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர்களைக் கண்டு நொந்துபோய், மனுஷக் கண் இரண்டு தடவை எண்ணினால்தான் செல்லும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். முதல் கண் சாருமதி, இரண்டாவது கண் வாஹித். பழுப்பு இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாதே, எல்லாரும் குடிகாரர்கள் என்று கம்பெனி சொல்லுமே என்று வாஹித் கேட்டதற்கு, அது என் பாடு, நீங்கள் எண்ணுங்கள் என்றார் மேடம்.

தோல் எடுக்கிற அன்று சாருமதி தட்டு ஏந்தி நின்றாள். எண்பது பேரில் எண்பதாவதாக வந்து உட்கார்ந்தவரை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. டாக்டர் விஸ்வேஸ்வரன். அவருடைய அறை ஏழாம் ஷெட்டை ஒட்டித்தான் இருந்தது, அதனால் ஏழாம் ஷெட் கணக்கிலேயே சேர்த்திருந்தார்கள். வேவு பார்க்க வந்திருக்கிறார், வேறென்ன என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தோல் எடுப்பது இடது கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. எல்லாருக்கும் அதே இடம்தான், மேடம் அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். டாக்டருக்கோ சரியாக அந்த இடத்தில் பழைய தழும்பு. பத்து வயசில் சைக்கிள் செயினில் மாட்டியது, கிரீஸ் உள்ளேயே தங்கிவிட்டது, கரும்புள்ளி இன்னும் தெரிகிறது பாருங்கள் என்று அவராகவே சொன்னார். அப்புறம் சாருமதியைப் பார்த்து, எந்த ஊரம்மா, யார் பெண் என்று கேட்டார். மாரப்பன் மகள் என்றாள். அவர் குனிந்து செருப்பை மாட்டுவதிலேயே மும்முரமாகிவிட்டார்.

எண்ணுகிற வேலையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஸ்லைடில் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருடையது என்கிற தாள் ஒட்டிய கவரில் மேடத்தின் பீரோவில் இருக்கும். எண்ணி முடிக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஒரே ஒரு விலக்கு. பழுப்பு உள்கரைக்கு இரண்டு அடுக்குப் பக்கத்தில் வந்திருந்தால், எண்ணுகிறவர் அந்த நிமிஷமே ஒரு சிவப்புச் சீட்டில் நம்பரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மேடம் அந்த ஒரு நம்பரை மட்டும் பிரித்துப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார். மருந்து இருந்தது. கிட்னியைப் பிடிக்கிற கடுமையான மருந்து, அதனால் சீட்டில்லாமல் யாருக்கும் தர மாட்டார்கள். ஆனால் நேரத்தோடு கொடுத்தால் கேட்கும். மாரப்பனுக்கு அந்த நேரம் தாண்டி வருஷக் கணக்காகிவிட்டது.

முதல் நாலு வாரத்தில் சாருமதி ஆறு சிவப்புச் சீட்டு எழுதினாள். ஆறு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதில் துணி மடிக்கிற ராசாத்தி என்பவள் பிற்பாடு லேப் வாசலுக்கே வந்து, எல்லாரும் பார்க்க ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். வாஹித் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாருமதி இன்னொரு தடவை கோத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் எடுபடாது.

ஐந்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஐம்பத்தெட்டாம் நம்பர் ஸ்லைடை வைத்தாள். நரம்புக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று துகள்கள். கிரீஸ். எண்பது பேரில் காலுக்குள் கிரீஸ் வைத்திருக்கிறவர் ஒருத்தர்தான். அவள் மெதுவாகத் திருகைத் திருப்பி உள்ளே இறங்கினாள். பழுப்பு, பழுப்பு, பழுப்பு. அடுக்கு அடுக்காக, பதினாலு வருஷத்துப் பழுப்பு. உள்கரைக்கு இன்னும் இரண்டே அடுக்கு.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? வயிறு குளிர்ந்தது, உடம்பெல்லாம் லேசானது. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. விஷம் வைக்க வேண்டாம், பொய் எழுத வேண்டாம். ஒரு சீட்டை எழுதாமல் இருந்தால் போதும். எண்ணிக்கையை ஒரு புள்ளிகூட மாற்றாமல் நோட்டில் பதித்தாள், அதில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது. சிவப்புச் சீட்டுக் கட்டைத் தொடவில்லை. பிறகு அந்த ஸ்லைடை வாஹித்தின் தட்டில், அவன் கடைசியாக எடுக்கப்போகிற வரிசையின் அடியில் சொருகினாள். அவன் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எண்ண மாட்டான். கையைக் கழுவிக்கொண்டு கேன்டீனுக்குப் போய் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரே லேபுக்கு வந்தார். மேடம் ஊரில் இல்லாத நாள். சட்டைப் பையில் குத்தியிருந்த பேனாவை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி எதற்கென்று சாருமதிக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவள் வீட்டில் அப்பா எதையாவது அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னோட ரிசல்ட் எப்படி இருக்கும்மா?"

"எண்ணி முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. எது உங்களோடதுன்னு எனக்குத் தெரியவும் தெரியாது."

"அது தெரியும். இல்ல, எனக்கு ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கு. அதுக்கு எவ்வளவு நாள் இருக்குன்னு தெரிஞ்சா நல்லது. ராசாத்திக்கு வந்த மாதிரி சிவப்புச் சீட்டு ஏதாவது..."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது எழுதியிருந்தாலும் நேரம் இருந்தது. ஒரு நம்பர், ஒரு தேதி, ஒரு கையெழுத்து. கட்டு அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"அப்படி இருந்தா மேடம் உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க. கூப்பிடலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நிம்மதியா வேலைக்குப் போங்க டாக்டர்."

பாவம், அந்த ஆள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நன்றிம்மா என்று இரண்டு தடவை சொன்னார். நேராகக் கம்பெனிக்குப் போய், ஏழாம் ஷெட்டை ஒட்டிய அதே அறையில் உட்கார்ந்து அதே காற்றை மூச்சு வாங்கினார். அன்றைக்கு வீட்டில் சாருமதி அப்பாவுக்குப் பருப்புச் சாதம் பிசைந்து கொடுத்தாள். என்ன அம்முணி, மொகமெல்லாம் பூத்துக் கெடக்குது என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

பதினாறாம் வாரம் வாஹித் தட்டின் அடிக்கு வந்தான். ஐம்பத்தெட்டை வைத்துப் பார்த்த கால் மணி நேரத்தில் சீட்டை எழுதி, பெட்டியில் போடக்கூடப் பொறுமையில்லாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினான். தோல் எடுத்து இத்தனை வாரத்தில் அந்த ஆளின் உள்கரையே பழுப்பாகியிருக்கும் என்று மேடம் அவசரமாகக் கவரைக் கிழித்தார். பேரைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சாருமதியின் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பதினோரு வாரத்துக்கு முன்னால் அவள் சரியாக எண்ணி எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"இவ்வளவு சரியா எண்ணியிருக்கே. சீட்டு எங்க?"

"மறந்துட்டேன் மேடம்."

"ஆறு பேருக்கு மறக்கலையே."

மேடம் கத்தியிருந்தால் சாருமதி தாங்கியிருப்பாள். அவர் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார், அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கரைப்பான் உடம்பில் சாராயமாக உடைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்து ஒரு வருஷத்துக்கு முன் மேடத்திடம் வந்து சொன்னதே டாக்டர்தான். ஆரம்பத்தில் அவரும் மெஷினை நம்பித்தான் எழுதினார். புரிந்தபிறகும் வேலைக்குப் பயந்து மூன்று நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பாவம் அரித்துத்தான் வந்தார். பிறந்ததிலிருந்து குடிக்காதவர், கம்பெனி முதலாளியே மேடையில் அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் நரம்பிலும் அதே பழுப்பு இருந்தால் கம்பெனியின் குடிகாரக் கதை அன்றோடு செத்தது. முப்பத்தோரு ஃபைலில் எழுதியது தப்பு என்று விசாரணையில் நின்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதுவரை சந்தேகம் வராமல் இருக்கத்தான் தினமும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"முதல் ஃபைல் உங்கப்பாவோடது," என்றார் மேடம். "உங்கப்பா பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு வெச்சிருந்தார்." பிறகு கையை நீட்டினார். சாருமதி வெங்காயத்தின் அறைச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

விசாரணைக்கு ஆறு நாள்தான் இருந்தது. மருந்து ஏற்றினார்கள். ஆறு நாளில் எந்த மருந்து என்ன செய்துவிடும்?

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் கடைசி அமர்வு. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற ஜட்ஜ். ஏழாம் ஷெட்காரர்கள் ஒரு பக்கம் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், மாரப்பனும் மகளும் மூன்றாவது வரிசையில். டாக்டர் விஸ்வேஸ்வரன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேஜை மேல் வைத்த கை தாளம் போட்டது. பேர் கேட்டார்கள். பேரைச் சொல்வதற்குள் நாக்கு இரண்டு தடவை மடங்கிக்கொண்டது. ஏற்கெனவே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்து, இவர் அதை எழுதும்போதும் இதே நிலையில்தான் இருந்திருப்பார், ஊதிக் காட்டச் சொல்லுங்கள் என்றார். ஊதினார். மெஷின் தன் பதிலைச் சொன்னது.

அது கரைப்பான், சாராயமில்லை என்று மேடம் தொண்டை கிழியச் சொன்னார். அதை நிரூபிக்கத்தானே அம்மா குடிக்காத ஒருத்தரைக் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததை நம்புகிற சாதாரண மனுஷர், அவ்வளவுதான்.

சாருமதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் நடுங்கியது. ஆறு வருஷமாக ஆசைப்பட்டதைவிட நன்றாகவே நடுங்கியது. வேறெங்காவது பார்க்கலாம் என்றால் கழுத்து திரும்பவில்லை.

அப்போது மாரப்பன் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அய்யா, அவுரு குடிக்கலீங்க. இந்த நடுக்கம் எனக்குத் தெரியுமுங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் பேர் கேட்டார், குமாஸ்தா ஃபைலைப் புரட்டி அந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். உட்காருங்கள் என்று ஜட்ஜ் தன்மையாகவே சொன்னார். சாட்சி டாக்டர் விஸ்வேஸ்வரன் போதையில் இருந்ததால் அவர் சாட்சியம் ஏற்கப்படவில்லை என்று பதிவாயிற்று. முப்பத்தோரு ஃபைலும் இருந்தபடியே இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு அரங்கைப் பூட்டிவிட்டார்கள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மாரப்பன் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் முன்னாலயே யாராச்சும் பாத்திருந்தா அந்த மனுசன் தப்பிச்சிருப்பாரா அம்முணி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துவிட்டது. "பாத்தாச்சுங்கப்பா. பதினோரு வாரத்துக்கு முன்னாலயே."

"யாரு?"

"நாந்தான்."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கீங்கப்பா?"

"டாக்டரு வூட்டுக்கு. டம்ளர்ல தண்ணி குடிக்க முடியாது, அது அவருக்குத் தெரியாது. மூடி போட்ட சொம்பு வேணும், சட்டைக்குப் பொத்தான் கூடாது. யாராச்சும் சொல்லித் தரோணும்." அவளும் எழுந்தாள். "நீ வராண்டாம்," என்றார்.

படியில் தடுமாறி இறங்கினார். எதிர்ப்பக்கம் போக ரோட்டை அவர் கடந்த விதத்தைப் பார்த்து ஒரு லாரி நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். உங்ககூட வந்தவராம்மா, பட்டப்பகலிலேயே இப்படியா என்றார்.

"என்ற அப்பா. அவரு குடிக்க மாட்டாருங்க," என்றாள் சாருமதி.

"எல்லா வூட்லயும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்று கண்டக்டர் விசில் கொடுத்தார்.